கைவேலைக் கேள்வி-பதில்: தேக்குக் கப்பலுக்குத் தேக்கு வேண்டாம்

கேள்வி: எங்கள் ஊர்ப் பெயர் கொண்ட ‘எச்.எம்.எஸ். திருகோணமலை’ போர்க்கப்பலின் மாதிரியை 1:96 அளவில் பாடசாலைக் கண்காட்சிக்குச் செய்கிறேன். உண்மைக் கப்பல் தேக்கு என்பதால் மாமா வீட்டுப் பழைய கதவுத் தேக்கைத்தான் எடுத்தேன். சிறிய துண்டாக வெட்டினால் உடைகிறது. உடையாமல் தப்புவதும் பார்க்க வடிவாக இல்லை. என்ன காரணம்?
– உயர்தர மாணவன், உவர்மலை

பதில்: தம்பி, அந்தத் தேக்கை மாமாவிடமே திருப்பிக் கொடும். அவருக்கு ஒரு முக்காலி செய்ய உதவும்.

கப்பல் தேக்குத்தான், அதில் சந்தேகமில்லை. பம்பாய்த் துறையில் வாடியா என்ற பார்சிக் குடும்பத்தார் கட்டி, 1817 ஒக்டோபர் 12ஆம் திகதி கடலில் இறக்கினார்கள். நெப்போலியனோடு நடந்த யுத்தத்தில் இங்கிலாந்தின் ஓக் மரம் தட்டுப்பாடாகிப் போனதால்தான் வேலை இந்தப் பக்கம் வந்தது. முதலில் அனுப்பிய வரைபடங்களை ஏற்றிவந்த ‘ஜாவா’ என்ற கப்பலை 1812இல் அமெரிக்கர்கள் அடித்து அழித்துவிட்டார்கள். வரைபடமும் அதோடு போயிற்று. பிறகு பிரதி வந்துதான் வேலை தொடங்கியது. இருநூறு வருடம் கடந்தும் கப்பல் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதக்கிறதென்றால் தேக்குக்கும் அதில் பங்குண்டு.

ஆனால் நீர் மரத்தைத் தெரிந்தெடுத்தீரே தவிர, அளவைக் கணக்குப் பார்க்கவில்லை. தேக்குப் பலகையின் வெட்டுமுகத்தை ஒரு பூதக்கண்ணாடியால் பாரும். ஊசி குத்தியதுபோல் துளைகள் தெரியும். ஒரு துளை கால் மில்லிமீற்றர் என்று வையும். அதை 96ஆல் பெருக்கினால் 24 மில்லிமீற்றர், கிட்டத்தட்ட ஓர் அங்குலம். பலகை முழுக்க அங்குல ஓட்டை விழுந்த கப்பலை யார் கடலில் இறக்குவார்கள்? பார்க்க வடிவாக இல்லை என்று உமக்குத் தோன்றியது இதனால்தான். உடைவதும் அதே காரணம்: துண்டு இரண்டு மில்லிமீற்றர் என்றால் அதற்குள் அகப்படும் ஒரு வரிசைத் துளையே அதை இரண்டாகப் பிளக்கப் போதும்.

கப்பலைக் குறைத்த அளவுக்கு மரத்தின் நார் குறையாது. ஆகவே சிறிய துண்டுக்கு நெருக்கமான நார் உள்ள மரம் வேண்டும். வெளிநாட்டில் இதற்குப் பொக்ஸ்வூட், பெயார் மரங்களை எடுப்பார்கள். நமக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. வளவில் நிற்கும் தேசி, தோடை, கொய்யா மூன்றுமே நல்லவை. கொப்பு வெட்டும்போது பெருவிரல் மொத்தத்துக்கு மேற்பட்டதை எறியவேண்டாம். இரண்டு முனைக்கும் அன்றைக்கே மெழுகோ பழைய பெயின்றோ பூசி, நீளவாக்கில் நடுவே பிளந்து, நிழலில் சில மாதம் காயவிடும். பிளக்காமல் விட்டால் நடுக்குருத்திலிருந்து வெடிப்பு ஓடி, ஒரு துண்டும் தேறாது. மெழுகு பூசாவிட்டால் முனை முந்திக் காய்ந்து அங்கிருந்து வெடிக்கும்.

கண்காட்சிக்கு நாள் போதாதென்றால் பழைய முதிரைக் கதிரைக்கால் ஒன்றைத் தேடும். தளபாடம் திருத்தும் கடைகளில் கழிவாகக் கிடக்கும். மஞ்சளாய், மினுக்கமாய், கூராக வெட்டுப்படும். ஆனால் முதிரைத் தூள் சிலருக்குத் தோலில் கடியும் தடிப்பும் தரும். முகக்கவசம் போட்டு, வெளியில் இருந்து அராவும். காட்டு முதிரையில் மட்டும் கைவைக்க வேண்டாம். உமக்குத் தேவை ஒரு பென்சில் அளவு, அதற்கு ஒரு மரம் விழக்கூடாது.

1:96இல் உமது கப்பலின் பீரங்கித் தளம் 48 சென்ரிமீற்றருக்குச் சற்றுக் குறைவாக வரும். மேசையில் இடத்தைப் பார்த்துக்கொள்ளும், முன்னே நீட்டும் பாய்மரம் அதற்குமேல்.

கேள்வி: 1:64 அளவில் கப்பல் செய்கிறேன். கப்பிகள்தான் என்னைக் கொல்கின்றன. நாலு மில்லிமீற்றர்த் துண்டை வெட்டி, இடுக்கியால் பிடித்துத் துளைபோட்டால் பிளக்கும், இல்லையென்றால் தெறித்து எங்கேயோ போய்விடும். வீட்டில் எல்லோரும் நிலத்தைத் தடவித் திரிகிறார்கள்.
– வாசகர், கிண்ணியா

பதில்: சகோதரரே, வீட்டாரை எழும்பி இருக்கச் சொல்லுங்கள். நீங்கள் வேலையைத் தலைகீழாகச் செய்கிறீர்கள். சின்னத் துண்டைச் சின்னதாக வைத்து வேலை செய்யக்கூடாது. அது பெரிய கம்பியாக இருக்கும்போதே எல்லா வேலையையும் முடித்துவிட்டு, வெட்டுவதைக் கடைசிக்கு வைக்கவேண்டும்.

கொய்யாவிலோ தேசியிலோ மூன்று மில்லிமீற்றர் அகலம், இரண்டு மில்லிமீற்றர் தடிப்பில் ஓர் அடிமட்டம் நீளத்துக்குச் சட்டம் சீவிக்கொள்ளுங்கள். நார் நீளவாக்கில் ஓடவேண்டும். பென்சிலைக் கூராக்கி ஐந்து மில்லிமீற்றருக்கு ஒரு கோடு போடுங்கள். நாலு மில்லிமீற்றர் கப்பிக்கு, ஒரு மில்லிமீற்றர் வாள் தின்பதற்கு. கயிறு போகும் துளை கப்பியின் நடுவில் வராது, அது கப்பியைக் கட்டித் தூக்கும் முனைக்குக் கிட்ட வரும். இதைக் கவனிக்காத மாதிரிகளைத் தூரத்தில் நின்றே சொல்லிவிடலாம், கப்பிக்குப் பதிலாக மணி கோத்ததுபோல் இருக்கும். எல்லாத் துளையையும் சட்டத்திலேயே வரிசையாகப் போடுங்கள். பிறகு துளையிலிருந்து மறுமுனைக்கு, இரண்டு பக்கமும், ஊசி முனையால் ஒரு கீறல் இழுங்கள். உள்ளே சில்லு இருக்கிறதென்று கண் நம்பும்.

அடுத்தது விளிம்பு. முக்கோண அரத்தால் ஒவ்வொரு கோட்டிலும் நாலு பக்கமும் அராவி இடுப்பு எடுங்கள். இடுப்பு எடுக்க எடுக்க மூலைகளும் உருண்டுவரும். கட்டுக் கயிறு படிய வெளிப்பக்கத்தில் சின்னப் பள்ளமும் இப்போதே எடுக்கவேண்டும். இதெல்லாம் முடிந்த பிறகுதான் முருங்கைக்காய் நறுக்குவதுபோல் துண்டாக்குவது. நறுக்கும்போது சட்டத்தின் முனையை ஒரு பொலித்தீன் பைக்குள் விட்டுக்கொண்டால் தெறிப்பதும் பைக்குள்தான்.

வெட்டிய முகத்தை ஒவ்வொன்றாகத் தேய்க்க வேண்டாம். மூடியுள்ள சின்னப் பால்மா ரின்னின் உட்பக்கம் முழுக்கச் சான்ட்பேப்பர் ஒட்டி, கப்பிகளைப் போட்டுக் குலுக்குங்கள். கொழும்புக்கு இரவு ரெயிலில் போகிறவர் யாராவது இருந்தால் பையில் கொடுத்துவிடலாம். விடிய மருதானையில் உருண்டு திரண்டு இருக்கும். (பக்கத்து இருக்கைக்காரர் என்னைத் திட்டினால் நான் பொறுப்பல்ல.)

துளைபோட அரை மில்லிமீற்றர் ட்றில் ஊசி ஹாட்வெயார் கடையில் அகப்படாவிட்டால், தையல் ஊசி ஒன்றின் காதைக் குறட்டால் பாதியில் முறியுங்கள். முறிந்த முனையை எண்ணெய்க் கல்லில் இரண்டு பக்கமும் தட்டையாகத் தீட்டினால் சின்ன மண்வெட்டிபோல் ஓர் அலகு வரும். கைப்பிடியில் பொருத்தி விரலால் உருட்டித் துளையுங்கள். மின் ட்றில்லின் வேகத்துக்கு இது நில்லாது. இரண்டு சுற்றுக்கு ஒருக்கால் வெளியே எடுத்துத் தூளைத் தட்டவேண்டும். தூள் அடைத்தால்தான் மரம் பிளக்கிறது, அழுத்தத்தால் பிளப்பதைவிட இதுதான் அதிகம்.

கேள்வி: சுப்பர் குளூ ஒட்டிய இடமெல்லாம் வெள்ளை படர்கிறது. துடைத்தாலும் போகவில்லை.
– வாசகி, மனையாவெளி

பதில்: அது பசையின் ஆவி காற்றிலுள்ள ஈரத்தோடு சேர்ந்து படிவது, தங்கச்சி. நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமா? மரத்தோடு மரம் ஒட்ட வெள்ளை மரப்பசை போதும், நேரம் எடுக்கும், ஆனால் பிடிக்கும். சுப்பர் குளூவை நூல் முடிச்சுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் குண்டூசி முனையில் தொட்டு.

கேள்வி: என் தகப்பனார் வல்வெட்டித்துறையார். ‘அன்னபூரணி’யை ஒருமுறையாவது செய்து பார்க்க ஆசை. பக்கப் பலகைகளைச் சுடுநீரில் ஊறப்போட்டு வளைத்தாலும் அணியத்துக்கு (கப்பலின் முன்பக்கத்துக்கு) கிட்ட ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன. இன்னும் கூடுதலாக ஊறப்போடவா?
– ஓய்வுபெற்ற கிராம அலுவலர், திருக்கடலூர்

பதில்: ஐயா, நல்ல கப்பலைத் தெரிந்தெடுத்தீர்கள். வல்வெட்டித்துறையில் கட்டி, வல்வெட்டித்துறையாரே ஓட்டி, ‘புளோரன்ஸ் சி. றொபின்சன்’ என்ற புதுப் பெயரோடு 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர்த் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்த பாய்க்கப்பல். அதற்கு மாதிரி செய்வார் குறைவு என்பது என் மனக்குறை.

ஊறப்போடுவதில் பிழையில்லை. ஒரு மில்லிமீற்றர்ப் பலகைக்குக் கால் மணி நேரம் தாராளம். இனிமேல் ஊறினால் நார் உப்பும், வேறு பலன் இல்லை. நீங்கள் வளைவைப் பார்க்கிறீர்கள், நான் அகலத்தைப் பார்க்கிறேன். கப்பலின் நடு வங்கில் (விலா எலும்புபோல் நிற்கும் சட்டத்தில்) மேலிருந்து ஏரா என்ற அடிமரம் வரைக்கும் ஒரு கடதாசிப் பட்டியைச் சுற்றி அளந்து பாருங்கள். 120 மில்லிமீற்றர் வருகிறதென்று வைப்போம். ஐந்து மில்லிமீற்றர்ப் பலகை இருபத்துநாலு. இப்போது அணியத்துக்குக் கிட்டவுள்ள வங்கை அளவுங்கள். 72 மில்லிமீற்றர்தான் இருக்கும். அதே இருபத்துநாலு பலகையும் அங்கே அடங்கவேண்டுமானால் ஒவ்வொன்றும் மூன்று மில்லிமீற்றராகச் சுருங்கவேண்டும். சுருக்காமல் அடித்தால் ஏறத்தான் செய்யும்.

ஆகவே ஒட்டுவதற்கு முன் ஒவ்வொரு வங்கிலும் கடதாசிப் பட்டியால் அளந்து, இருபத்துநாலாகப் பிரித்து, புள்ளி வையுங்கள். பலகையை அந்தப் புள்ளிக்குப் புள்ளி சீவிக் குறையுங்கள். ஒரு பலகை பாதி அகலத்துக்கும் கீழே போகும்படி வந்தால் அங்கே கூராக்கவேண்டாம், ஆணி நிற்க இடமிராது. இரண்டு பலகையை அந்த இடத்தில் ஒன்றாக்கிவிடுங்கள். மூதூர்ப் பக்கம் வள்ளம் கட்டும் ஓடாவிமார் யாரையாவது கேட்டுப்பாருங்கள், மட்டக்கோல் இல்லாமல் கண்ணாலேயே இதைப் பிரிப்பார்கள்.

இடமும் வலமும் மாறிமாறி ஒட்டுங்கள். ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கம் வந்தால் ஏரா கோணிவிடும். பிடிக்க உடுப்புக் கிளிப் போதும்.

கேள்வி: லேசரில் வெட்டிய பெட்டித் தொகுப்பு வாங்கினால் இத்தனை கரைச்சல் இல்லையே?
– வாசகர், நிலாவெளி

பதில்: வாங்கலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் லேசரில் கரிந்த விளிம்பைச் சீவாமல் ஒட்டாதீர்கள், கரியில் பசை பிடிக்காது. தொகுப்பில் வரும் கப்பிகள் பொதுவாகக் கப்பலுக்கு மீறிய பருமன். அவற்றை எறிந்துவிட்டு, மேலே கிண்ணியாச் சகோதரருக்குச் சொன்னதைப் பாருங்கள்.

கேள்வி: மார்கழியில் இறுக ஒட்டிய தளப்பலகைகளுக்கு ஆடியில் இடைவெளி விழுந்துவிட்டது. பசை சரியில்லையா?
– வாசகி, சாம்பல்தீவு

பதில்: பசையை விடுங்கள் அக்கா, காற்றைக் கேளுங்கள். வாடைக்காலத்தில் பலகை ஈரம் குடித்து ஊதியிருந்தது, அப்போதே ஒட்டினீர்கள். கச்சான் என்ற வறண்ட காற்று அடித்ததும் காய்ந்து ஒடுங்கியது. மாறாகக் கச்சானில் ஒட்டியிருந்தால் மழைக்குப் பலகைகள் ஒன்றையொன்று தள்ளி எழும்பியிருக்கும், அது இதைவிடத் திருத்தக் கடினம். சீவிய பலகைகளைக் கப்பல் இருக்கப்போகும் அறையிலேயே சில கிழமை பரப்பி வைத்துவிட்டு, மழை ஓய்ந்து கச்சான் தொடங்குமுன் ஒட்டுங்கள். இப்போதுள்ள இடைவெளியை அடைக்க அதே மரத்தின் தூளை மரப்பசையில் குழைக்கலாம். அதையும் அடுத்த மாசியில் செய்யுங்கள், இன்றைக்கல்ல.

கேள்வி: எனக்கு ட்றில்லும் இல்லை, உளியும் இல்லை. பாய்க்கயிறு சுற்றிக் கட்டும் சின்ன மரமுளைகளைச் செய்ய முடியுமா?
– பத்தாந்தர மாணவி, மூதூர்

பதில்: முடியும் பிள்ளை. பட்டம் கட்டும் மூங்கில் ஈர்க்கு எடும். பழைய ரின் மூடியில் ஆணியால் பெரிதிலிருந்து சிறிதாக ஐந்தாறு துளை அடியும். ஆணி வெளியே வந்த பக்கம் வெட்டும் விளிம்பு இருக்கும், அந்தப் பக்கத்திலிருந்து ஈர்க்கை ஒவ்வொரு துளையாக நுழைத்து மறுபக்கம் இழும். கடைசித் துளையில் வரும்போது ஒரு மில்லிமீற்றர்க் குச்சி உருண்டையாக இருக்கும். மூங்கில் நார் நேரானபடியால் இவ்வளவு மெல்லிசாகியும் முறியாது.

பிறகு குச்சியை விரலால் உருட்டிக்கொண்டே நகம் தீட்டும் சின்ன அரத்தால் கழுத்து எடும். மேலே தலை, நடுவில் கழுத்து, கீழே நீளக் கால். 1:64 என்றால் முழு முளையும் ஆறு மில்லிமீற்றர் அளவில் வந்தால் சரி. நகவெட்டியால் வெட்டலாம். ஒரு போர்க்கப்பலுக்கு இது நிறையத் தேவைப்படும், ஆனபடியால் குச்சியை நீளமாகவே இழுத்து வையும். ரின் மூடியின் விளிம்பு கையைக் கிழிக்கும், அதை முதலில் மடித்துவிட்டுத் தொடங்கும்.