ஏலத்தில் எடுத்த கட்டடம்: சோதித்த பிறகு விலை குறையுமா?

கேள்வி: எங்கள் ஊர் உள்ளாட்சிக்குச் சொந்தமான பழைய மாடிக் கட்டடத்தை நிலத்தோடு பொது ஏலத்தில் 84 லட்சத்துக்கு எடுத்தேன். கால் பங்கு கட்டிவிட்டேன். பாக்கியைக் கட்ட 40 நாள் இருக்கிறது. இப்போது இன்ஜினீயரை வைத்துப் பார்த்ததில் தளத்துக் கம்பிகள் துருப்பிடித்துள்ளன, சரிசெய்ய 14 லட்சம் ஆகும் என்கிறார். அதைக் கழித்துக்கொள்ளச் சொல்லிக் கேட்கலாமா?

பதில்: கழிவு கேட்டால் கிடைக்காது. அதிகாரி மனம் வைத்தாலும் முடியாது. 84 லட்சம் என்று முடிந்த ஏலத்தை 70 லட்சத்துக்குக் கிரயம் செய்தால், 80 லட்சம் வரை கேட்டு விட்டுப்போனவர் மறுநாளே நீதிமன்றம் போவார். தணிக்கையிலும் ஆட்சேபம் எழும்.

முதலில் ஏல நிபந்தனைகளை எடுத்துப் படியுங்கள். ‘எங்கே எப்படி உள்ளதோ அங்கே அப்படியே’ என்ற வரி அநேகமாக இருக்கும். வாங்குபவர் சாதாரண கவனத்தோடு பார்த்தும் கண்டுபிடிக்க முடியாத, தனக்குத் தெரிந்த குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும் என்கிறது 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றச் சட்டத்தின் 55ஆவது பிரிவு. ஆனால் ‘மாறான ஒப்பந்தம் இல்லாத நிலையில்’ என்றுதான் அந்தப் பிரிவே தொடங்குகிறது. ஏல நிபந்தனையில் உள்ள ‘அப்படியே’ என்ற வரியை மாறான ஒப்பந்தம் என்று காட்டுவார்கள்; அது உங்கள் வாதத்தைப் பெரிதும் பலவீனமாக்கிவிடும்.

ஆகவே விலையை விட்டுவிட்டு விவரப் பிழையைத் தேடுங்கள். அறிவிப்பில் சொன்ன பரப்பளவு அளந்தால் வருகிறதா? ‘நல்ல நிலையில்’ என்று எழுதியிருந்தார்களா? ‘காலி’ என்று சொன்ன கடையில் வாடகைதாரர் இருக்கிறாரா? அவர்களுடைய பொறியாளரே முன்பு ‘பலவீனமான கட்டடம்’ என்று எழுதிய கோப்பு உண்டா? தகவல் உரிமைச் சட்டத்தில் இன்றே மனுப் போடுங்கள். பதிலுக்கு 30 நாள் அவகாசம் அவர்களுக்கு உண்டு. உங்களிடம் இருப்பதோ 40 நாள்தான்.

இவற்றில் ஒன்று சிக்கினால், கெடு முடிவதற்குள் பதிவுத் தபாலில் எழுதுங்கள். ஏலத்தை ரத்துசெய்து பணத்தைத் திருப்பித் தரவும், அதுவரை கெடுவை நீட்டிக்கவும் கேளுங்கள். இந்தக் கோரிக்கையை மேலே அனுப்ப அதிகாரிக்கு வழி உண்டு. பதில் வரும் வரை பாக்கியைக் கட்டாமல் சும்மா இருந்துவிடாதீர்கள். கெடு தாண்டினால் தவறியவர் நீங்கள் என்றாகிவிடும். டெல்லி வளர்ச்சி ஆணையம் ஏலம் விட்ட ஒரு மனை வழக்கில், நஷ்டமே இல்லாதபோது முன்பணத்தைப் பறிமுதல் செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2015இல் சொன்னது உண்மை. ஆனால் அங்கே வாங்கியவர் தவறவில்லை. நீங்களாகப் பின்வாங்கிவிட்டு அந்தத் தீர்ப்பைக் காட்டினால் எடுபடுவது கடினம்.

விவரப் பிழை எதுவும் இல்லையென்றால் ஒரு கணக்குப் போடுங்கள். கட்டிய 21 லட்சம் போவதா, 14 லட்சம் செலவழித்துக் கட்டடத்தை எடுத்துக்கொள்வதா? நில மதிப்பு நன்றாக இருந்தால் இரண்டாவதே மேல்.

அந்த 14 லட்சத்தையும் ஒருமுறை சரிபாருங்கள். பெயர்ந்த காரையைத் தட்டிவிட்டுச் சிமெண்டு பூசுவது பழுதுபார்த்தல் ஆகாது. பக்கத்திலேயே மறுபடி துரு வெடிக்கும். கம்பியின் பின்புறமும் விரல் நுழையும் அளவுக்குக் கான்கிரீட்டைக் கொத்தி எடுக்க வேண்டும், கம்பியைப் பளபளக்கத் தேய்த்துத் துருத்தடுப்புப் பூச்சு அடிக்க வேண்டும், மெலிந்த கம்பிக்குத் துணைக்கம்பி சேர்க்க வேண்டும். பிறகுதான் பாலிமர் சேர்த்த சிமெண்டுக் கலவையைப் பூச வேண்டும். முட்டுக்கொடுக்கும் செலவு மதிப்பீட்டில் இருக்கிறதா என்று கேளுங்கள். பெரும்பாலும் விட்டுப்போவது அதுதான்.

கேள்வி: ஏலத்துக்கு முன்பே சோதித்துப் பார்க்க விடுவார்களா? எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: எழுத்தில் கேட்டால் பொதுவாகப் பார்வையிட நாள் குறித்துத் தருவார்கள். மேற்பரப்பின் கடினத்தைப் பார்க்கும் சுத்தியல் சோதனைக்கும், கான்கிரீட்டுக்குள் ஒலியைச் செலுத்திப் பார்க்கும் மீயொலிச் சோதனைக்கும் எதையும் உடைக்க வேண்டியதில்லை. மீயொலிச் சோதனையில் ஒலியின் வேகம் நொடிக்கு 3 கி.மீ.க்குக் கீழே என்றால் சந்தேகப்பட வேண்டும். துளைத்து மாதிரி எடுக்கத் தனி அனுமதி வேண்டும்.

செலவு குறைந்த சோதனை ஒன்று உண்டு. புதிதாக உடைத்த கான்கிரீட் மீது பினால்ப்தலீன் கரைசலைத் தெளியுங்கள். இளஞ்சிவப்பானால் காரத்தன்மை இருக்கிறது, கம்பிக்குப் பாதுகாப்பு உண்டு. நிறம் மாறாத ஆழம் கம்பியைத் தொட்டுவிட்டால் பாதுகாப்பு போய்விட்டது. வெளியே விரிசல் தெரியாவிட்டாலும் துரு எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம்.

மொட்டைமாடியைவிடக் கழிப்பறைக்கு நேர் கீழே உள்ள தளத்தையும், தரையிலிருந்து ஒன்றரை அடி வரை தூண்களின் அடிப்பகுதியையும் முதலில் பாருங்கள். ஈரம் தங்கும் இடங்கள் இவை. வெள்ளையடித்து மறைத்திருந்தாலும் தட்டினால் பொள்ளல் சத்தம் வரும்.