பணமே இல்லாத 1930-களில் அமெரிக்கச் சிற்றூர்களில் இவ்வளவு அழகான தபால் நிலையங்கள் எப்படி வந்தன?

பணமில்லாததுதான் காரணமே. 1929-இல் பங்குச் சந்தை சரிந்த பிறகு ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் வேலையிழந்து நின்றார்கள், அவர்களுக்குக் கூலி கிடைக்கட்டும் என்று அரசே கட்டட வேலைகளைத் தொடங்கியது. கொத்தனார், தச்சர் மட்டுமல்ல, ஓவியருக்கும் அதில் இடம் இருந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது நியூயார்க் மாநிலத்து ரைன்பெக் தபால் நிலையம். அரசு அலுவலகம் என்றே தோன்றாது, பழைய டச்சுக் குடியானவர் வீடு மாதிரி பூசாத கல்சுவரும் சரிந்த கூரையுமாக இருக்கும். தற்செயல் இல்லை. 1700-இல் அங்கே கிப் குடும்பம் கட்டிய கல்வீடு 1910-இல் எரிந்துபோனது. அதே மாவட்டத்து ஹைட் பார்க்கில் பிறந்த அதிபர் ரூஸ்வெல்ட், அந்த வீட்டின் சாயலில்தான் தபால் நிலையம் வேண்டும் என்றார். இடிபாட்டில் கிடந்த கற்களையே கொண்டுவந்து சுவரில் வைத்துக் கட்டினார்கள்! 1939 மே 1 அன்று நடந்த விழாவுக்கு அவரே வந்து பேசினார், டென்மார்க் பட்டத்து இளவரசர் கல் பதித்தார்.

அப்புறம், உள்ளே போனால் நிமிர்ந்து பாருங்கள். சுவரின் மேல்பாகத்தில் ஓலின் டௌஸ் வரைந்த ஊர் வரலாறு ஓடுகிறது. அவரும் உள்ளூர்க்காரர்தான். தபால்தலை வாங்க வரிசையில் நிற்கிற நேரத்தில் தன் ஊரின் கதையை யாரும் பார்த்துவிடலாம்.