பெயிண்ட் அடித்தால் பூஞ்சை போய்விடுமா?

கேள்வி: சென்னை வேளச்சேரியில் தரைத்தள வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். மழை விட்டு மூன்று வாரமாகியும் என் 4 வயது மகனுக்கு ராத்திரியானால் இருமல் நிற்கவில்லை. பீரோவை நகர்த்திப் பார்த்தால் பின்சுவரில் கறுப்பாகப் பூஞ்சை. ஹவுஸ் ஓனர் பெயிண்ட் அடித்துத் தருகிறேன் என்கிறார். போதுமா? இருமலுக்கு இதுதான் காரணமா?

பதில்: பெயிண்ட் இப்போதைக்கு வேண்டாம். ஈரச் சுவரில் அடித்த பெயிண்ட் உப்பிக்கொண்டு உரியும், பூஞ்சை அதன் மேலேயே மறுபடி பூக்கும். இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் வீட்டுப் பூஞ்சை பற்றிப் புகார் செய்த ஒருவருக்கு 2017இல் கிடைத்த பதிலும் ‘மேலே பெயிண்ட் அடியுங்கள்’ என்பதுதான். 2020 டிசம்பரில் அவருடைய இரண்டு வயது மகன் இறந்துபோனான். பூஞ்சையை நெடுநாள் சுவாசித்ததால் வந்த மூச்சுக் கோளாறுதான் காரணம் என்று 2022இல் மரண விசாரணையில் முடிவானது. அந்த அளவுக்குப் போவது மிக அரிது. உங்களைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. பெயிண்ட் தீர்வல்ல என்பதற்காகச் சொன்னேன்.

இருமலுக்கு வருவோம். இப்படி வரும் அம்மாக்களிடம் நான் முதலில் கேட்பது, “பாட்டி வீட்டுக்குப் போனபோது எப்படி இருந்தான்?” என்பதைத்தான். அங்கே நாலு நாள் நிம்மதியாகத் தூங்கிவிட்டு, வந்த ராத்திரியே இருமுகிறான் என்றால் வீட்டைச் சந்தேகிக்கலாம். பூஞ்சை காற்றில் விடும் நுண்ணிய வித்துகள் ஒவ்வாமை உள்ள குழந்தையின் மூச்சுக்குழாயை வீங்கவைக்கும். குழந்தைகளுக்கு அந்தக் குழாயே சின்னது, கொஞ்சம் வீங்கினாலும் வீசிங் வந்துவிடும். ஓதம் அடித்த வீடுகளில் ஆஸ்துமாவும் மூச்சுத் தொல்லைகளும் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் 2009இலேயே சொல்லியிருக்கிறது. கறுப்புப் பூஞ்சைதான் விஷம் என்று வாட்ஸ்அப்பில் வருவதை விடுங்கள், நிறத்தை வைத்து ஆபத்தை அளக்க முடியாது. அப்புறம், முடை நாற்றம் போக சாம்பிராணி போடுகிறீர்களா? கொசுவர்த்தி? அந்தப் புகையே இருமலைக் கூட்டும்.

இரண்டு வாரம் தாண்டிய இருமலை எப்படியும் டாக்டரிடம் காட்டியாக வேண்டும். காசநோய் இல்லை என்றும் உறுதிசெய்ய வேண்டும். மூச்சு விடும்போது விலா எலும்புக்கு நடுவே தோல் உள்ளே இழுத்தாலோ, அவன் சும்மா இருக்கும்போது மூச்சு நிமிடத்துக்கு 40ஐத் தொட்டாலோ அன்றைக்கே போங்கள். டாக்டர் இன்ஹேலர் எழுதினால், பழகிவிடும் என்று பயந்து நிறுத்தாதீர்கள்.

சுவருக்கு முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரம் வரை உப்புப் பூத்திருந்தால் ஈரம் மண்ணிலிருந்து ஏறுகிறது. நடுச்சுவரில் திட்டாக இருந்தால் அந்தப் பக்கம் பாத்ரூம் குழாய் போகிறதா என்று பாருங்கள். சந்தேகமா? ஒரு பிளாஸ்டிக் கவரை வெட்டி, நாலு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்து சுவர்ப் பக்கம் வியர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது, பிளம்பரோ கொத்தனாரோ பார்க்க வேண்டிய வேலை. அறைப் பக்கம் வியர்த்திருந்தால் காற்றோட்டம் போதவில்லை. பீரோவை அரை அடி தள்ளிப் போடுங்கள், துணியை அறைக்குள் காயவைக்காதீர்கள், ஜன்னலைத் திறந்து ஃபேனைப் போடுங்கள்.

மூன்றடிக்கு மூன்றடி அளவுக்குள் இருந்தால் நீங்களே துடைக்கலாம். பையனைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, என்95 மாஸ்க்கும் கையுறையும் போட்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடையுங்கள். காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்தால் வித்தெல்லாம் அறை முழுக்கப் பறக்கும். பிளீச்சிங் பவுடரையும் பாத்ரூம் ஆசிட்டையும் கலந்துவிடாதீர்கள், குளோரின் வாயு வரும். பூசணம் பிடித்த தலையணை, மெத்தையைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். சுவர் காயும்வரை அவன் வேறு அறையில் படுக்கட்டும்.

அந்த வியர்த்த கவரை உரிப்பதற்கு முன் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள், ஓனரிடம் பேச உதவும்.