கணினிக் கேள்வி பதில்: போர்மட் அடிக்க முன் ஒருக்கா வாசியுங்கோ

கேள்வி: அண்ணா, நான் ஏ/எல் படிக்கிறேன், ஐசிடி பாடம். மாமா தந்த பழைய லப்டொப்பில் விண்டோஸ் 7 இருக்கு. புரோகிராம் எழுதுகிற மொழியான பைத்தனை இறக்கி இன்ஸ்டோல் செய்தால், தொடங்கிய உடனேயே செட்அப் ஃபெயில்ட் என்று நிற்குது. கடையில் கேட்டால் போர்மட் அடித்து, அதாவது உள்ளே இருக்கிறதை எல்லாம் அழித்து, விண்டோஸ் 10 போட வேணும் என்கிறார்கள். வேறு வழி இல்லையா? (மாணவி, மல்லாவி)

பதில்: இருக்கு தங்கச்சி. பைத்தன் தளத்தில் முன்னுக்கு நிற்கிற பெரிய பொத்தானை அழுத்தினால் ஆகப் புதிய பதிப்புத்தான் இறங்கும், அது விண்டோஸ் 7இல் ஓடாது. 3.9இலிருந்தே விண்டோஸ் 7ஐக் கைவிட்டுவிட்டார்கள். இதை அந்தத் தளத்திலேயே சின்ன எழுத்தில் போட்டிருக்கிறார்கள், ஆனால் யார் சின்ன எழுத்தை வாசிக்கிறது? பழைய பதிப்புகளின் பட்டியலுக்குப் போய் 3.8.10ஐ எடுங்கோ. 3.8 வரிசையில் விண்டோஸுக்கு இன்ஸ்டோலரோடு வந்த கடைசிப் பதிப்பு அதுதான், 2021 மே மாதம் வந்தது. உங்கள் பாடத்தில் வருகிற லூப், லிஸ்ட், ஃபங்ஷன் எல்லாவற்றுக்கும் அது தாராளம்.

எடுக்க முன் கம்பியூட்டர் ஐகனில் வலது கிளிக் பண்ணி ப்ரொபர்டீஸைப் பாருங்கோ. 32-பிட் என்றிருந்தால் 32-பிட் இன்ஸ்டோலர்தான் வேணும், 64-பிட் அதில் ஏறவே ஏறாது. (மறுவளமாகப் பிரச்சினை இல்லை, 64-பிட் விண்டோஸில் 32-பிட் ஓடும்.) அதே பக்கத்தில் சேர்விஸ் பேக் 1 என்று இருக்குதா என்றும் பாருங்கோ, இல்லாவிட்டால் 3.8உம் அடம்பிடிக்கும். இன்ஸ்டோலரின் முதல் பக்கத்திலேயே அடியில், பைத்தனை பாத்தில் (PATH, விண்டோஸ் புரோகிராம்களைத் தேடுகிற இடங்களின் பட்டியல்) சேர்க்கவா என்று ஒரு சின்னப் பெட்டி இருக்கும், அதில் சரி போட மறக்காதேங்கோ. மறந்தால் எல்லாம் ஒழுங்காக ஏறின பிறகும், கமாண்ட் விண்டோவில் பைத்தன் என்று அடிக்கும்போது 'அப்படி ஒன்றையே தெரியாது' என்று கம்பியூட்டர் கையை விரிக்கும், அடுத்த மாதம் அதற்கும் எனக்கு ஒரு கடிதம் வரும்.

கடைக்காரரையும் முழுக்கப் பிழை சொல்ல ஏலாது. விண்டோஸ் 7க்கான பாதுகாப்பு அப்டேட்கள் பொதுவாக 2020 ஜனவரியோடு நின்றுவிட்டன, பேங்க் வேலைக்கு அதைப் பாவிக்காதேங்கோ. ஆனால் அவர் போடச் சொல்கிற விண்டோஸ் 10இன் வழக்கமான ஆதரவும் 2025 ஒக்டோபர் 14ஓடு முடிந்துவிட்டதே! பழைய நோட்ஸ், படங்களை வேறெங்கும் கொப்பி எடுக்காமல் போர்மட்டுக்கு மட்டும் சம்மதிக்காதேங்கோ.

கேள்வி: எந்த மென்பொருளை இறக்கினாலும் 'இன்டெக்ரிட்டி செக் ஃபெயில்ட்' என்று வருகுது. வைரஸோ? (வாசகர், புதுக்குடியிருப்பு)

பதில்: நூற்றுக்குத் தொண்ணூறு வைரஸ் இல்லை, உங்கள் சிக்னல்தான். ஃபைல் முழுதாக இறங்கவில்லை. அந்தச் செய்தியின் மிச்சத்தையும் வாசித்தால் அதையேதான் சொல்லியிருக்கும். டொங்கிளை ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டு இறக்குகிற எங்களுக்கு இது புதுசில்லை: மழை இருட்டினால் சிக்னல் போகும், கரண்ட் நின்றால் ரவுட்டர் நிற்கும், பிரவுசரும் சில நேரம் பாதியில் அறுந்ததை முடிந்தது போலக் காட்டிவிடும். இறங்கின ஃபைலில் வலது கிளிக் பண்ணி ப்ரொபர்டீஸில் அளவைப் பார்த்து, தளத்தில் போட்டிருக்கிற அளவோடு ஒப்பிடுங்கோ. 40 எம்பி இருக்க வேண்டியது 23இல் நின்றால் விஷயம் விளங்கிவிடும். அழித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடரக்கூடிய டவுன்லோட் மனேஜர் ஒன்றைப் போட்டு, நைட் டேட்டா இருந்தால் நள்ளிரவுக்குப் பிறகு விட்டுவிட்டுப் படுங்கோ.

கிளிநொச்சி டவுனில் யாரிடமாவது பென்டிரைவில் வாங்கி வருகிறதும் நல்ல வழிதான், ஆனால் கொப்பியாகி முடிந்ததும் இஜெக்ட் கொடுக்காமல் இழுத்தால் அங்கேயும் இதே கதை. பென்டிரைவ் ஃபாட்32 (FAT32) என்கிற பழைய முறையில் போர்மட் ஆகியிருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றை ஃபைலை அது ஏற்காது. 32 ஜிபி பென்டிரைவ், உள்ளே ஒன்றுமே இல்லை, பிறகும் 'ஃபைல் பெரிசு' என்கிறதே என்று போன வருடம் நானே ஒரு பின்னேரம் முழுக்க மண்டையைப் பிய்த்தேன். எக்ஸ்ஃபாட் (exFAT) என்கிற வேறு முறைக்கு மாற்றினதும் சரி வந்தது. மாற்றும்போது உள்ளே இருக்கிறது எல்லாம் அழிந்துபோகும், கவனம்.

கேள்வி: இன்ஸ்டோல் ஆகிக்கொண்டிருக்கேக்க கரண்ட் போயிட்டுது. இப்ப எதைப் போட்டாலும் 'இன்னொரு இன்ஸ்டோல் நடக்கிறது', 1618 என்று காட்டுது. (ஒட்டுசுட்டான்)

பதில்: றீஸ்டார்ட். ஷட் டவுன் இல்லை, றீஸ்டார்ட். விண்டோஸ் 8இலும் அதற்குப் பிறகு வந்தவற்றிலும் ஷட் டவுன் கொடுத்தால் பல கணினிகள் முழுசாக அணைவதில்லை, றீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதுசாகத் தொடங்கும். அதற்குப் பிறகும் காட்டினால் விண்டோஸ் அப்டேட் பின்னால் ஓடுகிறதா என்று பாருங்கோ, ஓடினால் முடியட்டும்.

கேள்வி: ஒவ்வொரு நாளும் திகதி பழைய வருடத்துக்குப் போகுது, தளங்கள் பாதுகாப்பில்லை என்று வருகுது, ஒன்றையும் இறக்க முடியேல்லை. (நெடுங்கேணி)

பதில்: மதர்போர்டில் காசு மாதிரி வட்டமாக ஒரு பற்றரி இருக்கும், அது செத்துவிட்டது. தளங்களின் சான்றிதழைக் கணினி தன் திகதியை வைத்துத்தான் சரி பார்க்கும், திகதி பிழைத்தால் எல்லாத் தளமும் கள்ளத் தளமாகத்தான் அதுக்குத் தெரியும். சிஆர்2032 என்று கேட்டு வாங்குங்கோ, மணிக்கூடு திருத்துகிற கடையிலும் கிடைக்கும். மாற்ற முன் பிளக்கைக் கழற்றிவிடுங்கோ, மாற்றினதும் முதல் வேலையாகத் திகதியைத் திருத்துங்கோ.