போன் ஜன்னலில், கணினி உள் அறையில்

கேள்வி: என் கணினிக்கு இணைய இணைப்பு இல்லை. ஸ்மார்ட்போனில் இருக்கும் இணையத்தைக் கம்பி இல்லாமல் கணினிக்குக் கொடுக்க முடியுமா?

முடியும். குடியாத்தத்தில் எங்கள் நூல் கடைக் கணக்கு மூன்று ஆண்டுகளாக அப்படித்தான் நடக்கிறது. ஜிஎஸ்டி படிவம் தாக்கல் செய்வது, கைலி வியாபாரிகளுக்கு மின்னஞ்சல் அனுப்புவது எல்லாமே ஒரு போனின் தயவில்தான்.

இணைப்பது எளிது. போனின் அமைப்புகளில் ஹாட்ஸ்பாட் என்று இருக்கும். அதற்கு ஒரு பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து இயக்கினால் போன் ஒரு குட்டி ரவுட்டர் ஆகிவிடும். கணினியில் வைஃபை பட்டியலைத் திறந்து, அந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்துக் கடவுச்சொல்லைத் தட்டினால் முடிந்தது. ஐபோன் என்றால் கணினி இணையும்வரை ஹாட்ஸ்பாட் பக்கத்தை மூடாதீர்கள். இதை யாரும் சொல்லிவிடுவார்கள். எனக்கு ஒரு வாரம் தண்ணீர் காட்டியது வேறு.

எங்களுடையது பழைய மேசைக் கணினி, வைஃபையே கிடையாது. யுஎஸ்பியில் செருகும் வைஃபை அடாப்டர் ஒன்றைச் சில நூறு ரூபாய்க்கு வாங்கி வந்தேன். தெருவில் உள்ள எல்லார் வீட்டு வைஃபையும் தெரிகிறது, என் போன் மட்டும் தெரியவில்லை. கடைக்காரரிடம் வாதாடி வேறு அடாப்டர் வாங்கினேன். அதிலும் அதே கதை. பிறகுதான் விளங்கியது, தவறு என் பக்கம். போன் 5 கிகாஹெர்ட்ஸ் என்ற வைஃபை அலைவரிசையில் பேசிக்கொண்டிருந்தது, மலிவான அடாப்டருக்கோ 2.4 மட்டும்தான் காது கேட்கும். ஹாட்ஸ்பாட் அலைவரிசையை 2.4க்கு மாற்றியதும் பெயர் வந்து நின்றது. ஐபோனில் இதையே 'மேக்ஸிமைஸ் கம்பாட்டிபிலிட்டி' என்று வைத்திருக்கிறார்கள். 2.4இல் வேகம் சற்றுக் குறைவு, ஆனால் சுவரைத் தாண்டி வரும். எங்கள் வீடுபோல் ஒன்றரை அடிச் சுவர் உள்ள பழைய வீட்டுக்கு அதுவே பொருத்தம்.

கேபிள் போட்டால் போதாதா என்று கேட்கலாம். போதும், போனுக்குச் சார்ஜும் ஏறும். ஆனால் எங்கள் உள் அறையில் சிக்னல் ஒரு கோடுதான். கேபிள் போட்டால் போனும் அந்த ஒற்றைக் கோட்டிலேயே கிடக்கும். கம்பி இல்லாததால் போனை மாடிப்படி ஜன்னலில் வைக்கிறேன், அங்கே மூன்று கோடு. கணினி நிழலில், போன் காற்றில். "ஊறுகாய் ஜாடியைக் காயவைப்பதுபோல் வைக்கிறாயே" என்று ஆயா கேலி செய்தார்.

கேலி சித்திரையில் பலித்தது. ஹாட்ஸ்பாட் ஓடும்போது போன் தானாகவே சூடாகும். அதோடு சார்ஜரும் ஜன்னல் வெயிலும் சேர்ந்தால், அளவுக்கு மேல் சூடாகிவிட்டது என்று அறிவித்துவிட்டு அணைந்துவிடுகிறது. ஐபோனை 35 டிகிரிக்கு மேல் உள்ள இடத்தில் பயன்படுத்தாதீர்கள் என்கிறது ஆப்பிள். கத்திரி வெயிலில் 40ஐத் தாண்டும் வேலூர்ப் பக்கத்தில் அந்த அறிவுரையை எங்கே கொண்டு வைப்பது? மே மாதத்தில் நான் காலை பத்து மணிக்குள் கணினி வேலையை முடித்துவிடுகிறேன். போனின் உறையைக் கழற்றி வெறும் தரையில் வைத்தால் கொஞ்சம் தாங்கும். அவசரப்பட்டு ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிடாதீர்கள், உள்ளே ஈரம் கோத்துக்கொள்ளும்.

சிக்னல் முழுதாக இருந்தும் எதுவுமே திறக்காத நாளும் வரும். வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவில் அப்படித்தான். ஊர் கொள்ளாத கூட்டம், அத்தனை பேர் போனும் அதே செல்போன் கோபுரத்தில் தொங்குகின்றன. அன்று ஹாட்ஸ்பாட்டை நோண்டிப் பயனில்லை. கடையை மூடிவிட்டுத் தேங்காய் உடைக்கப் போங்கள்.

டேட்டா விஷயத்தில் மட்டும் முதல் நாளே எச்சரிக்கையாக இருங்கள். வைஃபை கிடைத்ததும் விண்டோஸ் அதை வரம்பற்ற இணைப்பு என்று நினைத்துக்கொண்டு புதுப்பிப்புகளை இறக்க ஆரம்பிக்கும். என் ஒரு நாள் ஒதுக்கீடான 1.5 ஜிபியை ஒருமுறை காலை எட்டு மணிக்குள் விழுங்கிவிட்டது. வைஃபை அமைப்பில் உங்கள் ஹாட்ஸ்பாட் பெயரைத் திறந்து 'மீட்டர்டு கனெக்‌ஷன்' (அளவுள்ள இணைப்பு) என்பதை இயக்கிவிட்டால் அடங்கிவிடும்.

ப்ளூடூத் வழியாகவும் இணையத்தைக் கொடுக்கலாம். பேட்டரி குறைவாகக் குடிக்கும், ஆனால் நத்தை வேகம். மின்னஞ்சலுக்குப் போதும், வீடியோவுக்கு ஆசைப்படாதீர்கள்.

ஜன்னலில் வைத்த போன் அடித்தால் உள்ளே கேட்காது என்பது ஒரு குறை. வேறு யாராவது எடுத்துவிடுவது அதைவிடப் பெரிய குறை. போன மாதம் படிவத்தைச் சமர்ப்பிக்கும் பொத்தானை நான் அழுத்திய நேரத்தில், சித்தப்பா என் போனை எடுத்து நூல் விலை பேசிக்கொண்டே தெருமுனை வரைக்கும் போய்விட்டார்.