உள்ளே படுத்துத் தூங்கும்படி மாற்றப் போகும் பழைய ஆம்னி வேனை பெட்ரோல், கேஸ் (எல்பிஜி) இரண்டிலும் ஓட்டலாமா? அதே கேஸ் டேங்கில் அடுப்பும் எரியுமா?

ஓட்டலாம். சேலத்திலிருந்து தர்மபுரி போகும்போது தொப்பூர் மலைப்பாதை ஏற்றத்தில் மட்டும் இழுவை கொஞ்சம் குறைந்த மாதிரி தெரியும், மற்றபடி கேஸில் இன்ஜின் மெதுவாகத்தான் சத்தம் போடும். வண்டிக்கான எல்பிஜி என்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. டேங்கிலிருந்து திரவமாகவே வந்து, ரேடியேட்டர் தண்ணீர் சூடாக்கும் ரெடியூசரில்தான் வாயுவாகிறது, அதனால் குளிர்ந்த இன்ஜினை பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து சூடான பிறகு மாற்றுங்கள். கார்புரேட்டர் வண்டியில் சுவிட்சை நேராக கேஸுக்குத் தள்ளாமல் நடுவில் நிறுத்தி, கார்புரேட்டரில் மிச்சமிருக்கும் பெட்ரோல் தீர்ந்து இன்ஜின் திணறும்போது கேஸுக்குப் போடணும்.

அடுப்பு மட்டும் வேண்டவே வேண்டாம். அடுப்புக்கு வாயு வேண்டும், இந்த டேங்க் தருவதோ திரவம். வீட்டு சிலிண்டரை இன்ஜினுக்கு மாட்டுவதும் சட்டப்படி குற்றம்.

உள்ளே படுத்துத் தூங்கப் போகிறீர்கள் என்பதால் இதைக் கட்டாயம் பாருங்கள்: எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தேங்கும். டேங்க் வால்வை மூடும் பெட்டியிலிருந்து வண்டிக்கு வெளியே போகும் குழாய் இருக்கணும். டேங்கை 80 சதவீதத்துக்கு மேல் நிரப்பக் கூடாது. அங்கீகாரம் பெற்ற கேஸ் கிட்டையே மாட்டி, ஆர்டிஓ அலுவலகத்தில் ஆர்சியில் பதிந்துவிடுங்கள்.