பழைய காரை நம்பி தினமும் ஓட்டலாமா?
தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் தினமும் வேலைக்குப் போய்வர மலிவான பழைய கார் வாங்கலாமா? தாராளமாக. ஆனால் நம்பகமான கார் என்றால் பழுதே ஆகாதது என்று இல்லை, பழுதானாலும் பக்கத்துத் தெரு மெக்கானிக்கே குறைந்த செலவில் சரிசெய்யக்கூடியது. 2006 வரை இங்கே டர்பனின் பிராஸ்பெக்டன் பகுதியிலேயே தயாரான டொயோட்டா டாஸ், 2009 வரை வந்த ஃபோக்ஸ்வேகன் சிட்டி கோல்ஃப் இரண்டையும் நான் முதலில் சொல்வது அதனால்தான், எளிய எஞ்சின், உதிரிபாகமும் சுலபமாகக் கிடைக்கும், பாட்டியின் தையல் மெஷின் மாதிரி. டைமிங் பெல்ட் (எஞ்சின் பாகங்களைச் சரியான நேரத்தில் இயங்கவைக்கும் பட்டை) மாற்றிய ரசீது இல்லையென்றால் அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். அப்புறம், கடல் காற்றுக்குத் துரு சீக்கிரம் பிடிக்கும், கதவுக்கு அடியில் குனிந்து பாருங்கள். ரோட்வொர்த்தி சான்றிதழ் இருந்தால் எஞ்சினும் நன்றாக இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அது பிரேக், டயர், விளக்கு, ஸ்டியரிங் போன்றவை சாலைக்குப் பாதுகாப்பா என்று பார்க்கிற சோதனை, எஞ்சின் இன்னும் எத்தனை வருஷம் ஓடும் என்று அது சொல்லாது.